312 கன்வெர்ஷன், 9 நன்கொடை: ஆட் கிரான்ட்ஸ் கணக்கில் எந்த எண்ணை நம்புவது?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களை ஒலிப்பதிவு செய்து தருவதும், தேர்வு எழுத ஸ்கிரைப் (மாணவர் சொல்வதைக் கேட்டு விடை எழுதுபவர்) ஏற்பாடு செய்வதும் உங்கள் டிரஸ்டின் வேலை. 7 மாதமாகக் கூகுள் ஆட் கிரான்ட்ஸ், அதாவது தொண்டு நிறுவனங்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் தேடல் விளம்பரம், ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏஜென்சிக்கு மாதம் 15,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். அவர்களுடைய ரிப்போர்ட்டில் மாதம் 312 கன்வெர்ஷன் (விளம்பரத்தைத் தொட்டு வந்தவர் தளத்தில் நாம் எண்ணச் சொன்ன செயலைச் செய்வது) என்று இருக்கிறது. உங்கள் ரசீதுப் பதிவேட்டில் ஆன்லைனில் கொடுத்தவர்கள் மாதம் 9 பேர், சராசரி 1,200 ரூபாய். கூகுள் மாதந்தோறும் தரும் 10,000 டாலரில் 640 டாலர்தான் செலவாகிறது. நடுவில் கணக்கு ஒருமுறை முடக்கப்பட்டு மீண்டிருக்கிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, பேசாமல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்குப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் வாசிப்பில் உங்கள் கேள்வி அதற்கும் அடியில் இருக்கிறது: இந்த இரண்டு எண்களில் எதை நம்பி அடுத்த முடிவை எடுப்பது? அதற்கு விடை கிடைத்தால் மற்றவற்றுக்கும் வழி தெரிந்துவிடும்.

312, 9 இரண்டுமே உண்மையான எண்களாக இருக்கலாம். எண்ணப்பட்ட பொருள்தான் வேறு. கூகுள் ஆட்ஸுக்குக் கன்வெர்ஷன் என்றால் நன்கொடை என்று தெரியாது. 'இதை எண்ணு' என்று கணக்கை அமைத்தவர் எதைச் சொன்னாரோ அதை எண்ணும். கணக்கில் 'கோல்ஸ்' பகுதியில் 'கன்வெர்ஷன்ஸ்', அதற்குள் 'சம்மரி' என்ற பக்கத்தைத் திறங்கள். அங்கே ஒவ்வொரு செயலும் தனித்தனி வரியாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேராக அது பிரைமரியா (விளம்பரம் யாருக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டுவது) செகண்டரியா (வெறும் பார்வைக்கு) என்று பாருங்கள். பிறகு 'கவுன்ட்' என்ற இடத்தில் 'எவ்ரி' (ஒவ்வொரு முறையும் எண்ணு) என்றிருக்கிறதா 'ஒன்' (ஒரு கிளிக்குக்கு ஒருமுறை மட்டும்) என்றிருக்கிறதா என்று பாருங்கள். இப்படி 312க்கும் 9க்கும் இடையே இடைவெளி விழும் கணக்குகளில் வழக்கமாகக் கண்ணில் படுபவை இவை: நன்கொடைப் பக்கத்தைத் திறந்தாலே ஒரு கன்வெர்ஷன், வாட்ஸ்அப் பொத்தானைத் தொட்டால் ஒன்று, தளத்தில் சில வினாடி இருந்தால் ஒன்று, ஒரே நன்கொடை கூகுள் ஆட்ஸின் சொந்த டேக் (பக்கத்தில் பதிக்கும் சிறு கண்காணிப்பு நிரல்) வழியாக ஒருமுறையும், ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ் 4, தளத்துக்கு வருபவர்களை அளக்கும் கருவி) கணக்கிலிருந்து இறக்குமதியாகி இன்னொரு முறையும் எண்ணப்படுவது, நன்றிப் பக்கத்தை ரீலோட் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒன்று. உங்கள் 312இல் இவற்றில் எது எவ்வளவு என்பதை அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தே பிரித்துவிடலாம். ஏஜென்சி வேண்டுமென்றே ஏமாற்றியதா, ஒரு டெம்ப்ளேட்டை அப்படியே ஒட்டியதா என்பதை மட்டும் எண்களை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான்.

அந்த விளைவு ரிப்போர்ட்டோடு நிற்பதில்லை. ஆட் கிரான்ட்ஸில் விளம்பர இடத்துக்கு ஒரு கிளிக்குக்கு 2 டாலருக்கு மேல் ஏலம் கேட்க முடியாது. கன்வெர்ஷனை அடிப்படையாகக் கொண்ட தானியங்கி ஏலத்தைத் தேர்ந்தால் அந்த வரம்பு விலகும். அதனால் பெரும்பாலான கணக்குகள் 'மேக்சிமைஸ் கன்வெர்ஷன்ஸ்' முறையில்தான் ஓடுகின்றன. அந்த முறை பிரைமரி என்று குறிக்கப்பட்ட செயலை யார் அதிகம் செய்வார்கள் என்று கற்றுக்கொண்டு அவர்களைத் தேடிப் போகும். பக்கத்தைத் திறப்பதே கன்வெர்ஷன் என்று சொல்லிக்கொடுத்தால், பக்கத்தைத் திறந்துவிட்டுப் போகிறவர்களை அலுக்காமல் கூட்டிவரும். 7 மாதம் இந்தப் பாடத்தைப் படித்திருந்தால், இன்று திருத்தினாலும் நாளைக்கே மாறாது. சில வாரம் எண்கள் சரிந்துதான் ஏறும். அந்த நேரத்தில் பயந்து பழைய அமைப்புக்குத் திரும்பிவிடாதீர்கள்.

உங்கள் டிரஸ்டுக்கு மூன்றே மூன்று பிரைமரி போதும். நன்கொடை முடிந்தது, ஸ்கிரைப் அல்லது வாசிப்புத் தன்னார்வலராகப் படிவம் நிரப்பியது, மாணவர் உதவி கேட்டுப் படிவம் அனுப்பியது. படிவங்களுக்குக் கவுன்ட் 'ஒன்', நன்கொடைக்கு 'எவ்ரி'. நன்கொடை நிகழ்வோடு உண்மையான தொகையையும், நாணயம் ரூபாய் என்பதையும், பேமென்ட் கேட்வே (தளத்தில் பணம் வாங்கித் தரும் சேவை) தரும் பரிவர்த்தனை எண்ணையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். பரிவர்த்தனை எண் இருந்தால் ரீலோட் ஆனாலும் இரட்டிப்பு விழாது. வாட்ஸ்அப் கிளிக், போன் கிளிக் எல்லாம் செகண்டரி. அவற்றைப் பார்க்கலாம், ஏலத்துக்கு வழிகாட்ட விடக்கூடாது. மாதத்துக்கு ஒரு கன்வெர்ஷனாவது பதிவாக வேண்டும் என்று கிரான்ட் விதி இருக்கிறது. இந்த மூன்றே அதை நிறைவேற்றிவிடும்.

இனி எதிர்ப்பக்கத் தவறு. இந்தியத் தளங்களில் இது மிகச் சாதாரணமாக நடக்கிறது, யாரும் கவனிப்பதில்லை: பணம் வந்திருக்கும், கன்வெர்ஷன் பதிவாகியிருக்காது. கொடுப்பவர் செல்போனில் இருக்கிறார். யூபிஐயைத் தேர்கிறார். திரை ஜீபேக்கோ போன்பேக்கோ தாவுகிறது. பின் நம்பரைப் போடுகிறார், பச்சை டிக் வருகிறது, மனநிறைவோடு போனைப் பையில் வைத்துவிடுகிறார். பிரவுசருக்கு அவர் திரும்பவே இல்லை. உங்கள் நன்றிப் பக்கம் திறக்கவில்லை, அதில் இருந்த டேக் ஓடவில்லை. கூகுளைப் பொறுத்தவரை அவர் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போன ஆள். இதற்குத் தீர்வு, நன்றிப் பக்கத்தை நம்பாமல் பேமென்ட் கேட்வேயின் வெப்ஹுக்கை நம்புவது. பணம் பிடிக்கப்பட்டவுடன் கேட்வே உங்கள் சர்வருக்குச் செய்தி அனுப்பும். அந்தச் செய்தி வந்த பிறகு சர்வரே ஜிஏ4க்கு நிகழ்வை அனுப்ப வேண்டும். அதற்கு ஆர்டர் உருவாகும்போதே பார்வையாளரின் ஜிஏ4 கிளையன்ட் ஐடியை (அவருடைய பிரவுசருக்கு ஜிஏ4 தரும் அடையாள எண்) ஆர்டரோடு சேமித்து வைத்திருக்க வேண்டும். இதைச் செய்ய டெவலப்பர் இல்லையென்றால் எளிய வழி ஒன்று உண்டு. கூகுள் விளம்பரக் கிளிக்கில் முகவரியோடு ஜிசிஎல்ஐடி என்ற நீண்ட குறியீடு ஒன்று வரும். அதை நன்கொடைப் படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியில் பிடித்து வையுங்கள். மாதம் இருமுறை, உண்மையில் பணம் வந்தவர்களுடைய குறியீடு, தேதி, நேரம், தொகை நான்கையும் ஒரு ஷீட்டில் போட்டு 'ஆஃப்லைன் கன்வெர்ஷன்' ஆக ஏற்றுங்கள். கிளிக் நடந்து 90 நாளுக்குள் ஏற்ற வேண்டும். மாதம் 9 பேருக்கு இது அரை மணி நேர வேலைதான். ஆனால் இப்படி ஏற்றினால் நன்றிப் பக்கத்து டேக்கைச் செகண்டரியாக்கிவிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி இரட்டை எண்ணிக்கை.

அந்தக் குறியீடு உங்கள் தளம்வரை வந்து சேர்கிறதா என்பதையும் பாருங்கள். 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' இல்லாத முகவரியிலிருந்து உள்ள முகவரிக்குத் திருப்பும்போது சில தளங்கள் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடும். விளம்பரத்தில் கொடுத்திருக்கும் முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி, ஜிசிஎல்ஐடி, சமக்குறி, பிறகு ஏதாவது ஒரு சொல் என்று நீங்களே தட்டித் திறந்து பாருங்கள். பக்கம் திறந்தபின் முகவரிப் பட்டையில் அது அப்படியே இருக்க வேண்டும். காணாமல் போனால் எல்லாக் கணக்கும் அங்கேயே உடைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஜிஏ4 ரிப்போர்ட்டில் நன்கொடைகளின் மூலம் என்று உங்கள் பேமென்ட் கேட்வேயின் பெயரே வந்திருக்கிறதா? கொடுத்தவர் பணம் கட்ட வெளியே போய்த் திரும்பி வந்ததை 'அந்தத் தளம் அனுப்பிய புதிய ஆள்' என்று ஜிஏ4 எடுத்துக்கொள்கிறது. டேக் அமைப்பில் 'அன்வான்டட் ரெஃபரல்ஸ்' பட்டியலில் கேட்வேயின் டொமைனைச் சேர்த்தால் நின்றுவிடும். அதே அமர்வில் இன்னொன்றும் செய்யுங்கள்: 'டேட்டா ரிடென்ஷன்' 2 மாதம் என்றிருக்கும், அதை 14 மாதமாக்குங்கள். 2 மாதம் என்று விட்டால் போன மார்ச்சையும் இந்த மார்ச்சையும் 'எக்ஸ்புளோர்' பகுதியில் ஒப்பிட முடியாது. அழிந்த தரவு திரும்பாது. வாட்ஸ்அப்பில் நீங்கள் பகிரும் இணைப்புகள் பெரும்பாலும் 'டைரக்ட்' என்ற கூடையில் விழுகின்றன. அவற்றுக்கு யூடிஎம் குறியீடு (எங்கிருந்து வந்தார் என்று சொல்ல முகவரியின் கடைசியில் சேர்க்கும் சொற்கள்) போட்டுப் பகிருங்கள், சோர்ஸ், மீடியம், கேம்பெயின் மூன்றும் போதும், எல்லாம் சின்ன எழுத்தில். ஒருவர் பெரிய எழுத்தில் தொடங்கி இன்னொருவர் சின்ன எழுத்தில் தொடங்கினால் ஜிஏ4 அதை இரண்டு மூலமாகப் பிரித்துவிடும்.

கியூஆர் கோடு ஸ்கேன் செய்து நேராகக் கணக்கில் போடுபவர்களை எந்த அனலிட்டிக்ஸும் பிடிக்காது. இது அளவீட்டின் எல்லை, கருவியின் குறை இல்லை. ரசீது அனுப்பும்போது 'எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?' என்று ஒரே வரியில் கேளுங்கள். பாதிப் பேர் பதில் சொன்னாலும் அது எந்த டேஷ்போர்டிலும் கிடைக்காத தகவல்.

இவை முடிந்த பிறகும் மூன்று எண்கள் ஒன்றாக வராது. ரசீதுப் பதிவேடு, ஜிஏ4, கூகுள் ஆட்ஸ் மூன்றும் மூன்று விதமாகச் சொல்லும். ஆட்ஸ் நன்கொடையைக் கிளிக் நடந்த நாளில் வரவு வைக்கும். ஜிஏ4 பணம் கட்டிய நாளில் வைக்கும். பிப்ரவரி 25இல் கிளிக் செய்து மார்ச் 10இல் கொடுத்தவர் ஒன்றில் பிப்ரவரிக்காரர், இன்னொன்றில் மார்ச்காரர். ஆட்ஸில் கிளிக்குக்குப் பின் வழக்கமாக 30 நாள்வரை கணக்கு திறந்தே இருக்கும் என்பதால் போன மாத எண் இந்த மாதமும் வளரும். எனவே மாதம் 10ஆம் தேதி, போன மாதத்துக்கு முந்தைய மாதத்தை ஒப்பிடுங்கள். ஆட்ஸ் எண் பதிவேட்டு எண்ணைவிடக் குறைவாக இருப்பது இயல்பு. அதிகமாக இருந்தால் எங்கோ தவறு இருக்கிறது, தேடுங்கள். முடிவெடுக்க எப்போதும் பதிவேடுதான். மற்ற இரண்டும் அந்தப் பணம் எந்த வழியாக வந்தது என்று ஊகிக்க உதவுபவை.

10,000 டாலருக்கு வருகிறேன். கூகுள் 2003இல் தொடங்கிய திட்டம் இது. அந்தத் தொகை உங்கள் கைக்கு வரும் பணம் இல்லை. கூகுள் தேடல் பக்கத்தில் எழுத்து விளம்பரம் காட்டும் உரிமை. நாளுக்குச் சுமார் 329 டாலர் என்று வரம்பு, மிச்சம் அடுத்த மாதத்துக்குச் சேராது, யூடியூபில் ஓட்ட முடியாது. காசு கொடுக்கும் விளம்பரதாரர்களுக்குக் கீழேதான் உங்கள் விளம்பரம் வரும். தமிழ்நாட்டுக்குள், ஸ்கிரைப் பற்றியும் ஒலிநூல் பற்றியும் தேடுபவர்கள் எத்தனை பேரோ அத்தனைக்குத்தான் செலவாகும். 640 டாலர் என்பது உங்கள் அளவு டிரஸ்டுக்குத் தோல்வி இல்லை. முழுத்தொகையையும் செலவழிக்க வேண்டும் என்று துரத்துவதுதான் பெரும்பாலும் கணக்கு முடங்கக் காரணமாகிறது.

எப்படியென்றால், 2018 ஜனவரி முதல் விதிகள் இறுகின. கணக்கின் மொத்த கிளிக் விகிதம் மாதத்துக்கு 5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. தொடர்ந்து இரண்டு மாதம் குறைந்தால் கணக்கு முடங்கும். 100 முறை காட்டப்பட்டால் 5 பேராவது தொட வேண்டும். செலவைக் கூட்ட 'கல்வி', 'நன்கொடை' போன்ற அகலமான சொற்களைச் சேர்த்தால் விளம்பரம் பல்லாயிரம் முறை காட்டப்படும், யாரும் தொடமாட்டார்கள், விகிதம் விழும். அதற்காகவே ஒற்றைச் சொல் கீவேர்டுக்கு (விளம்பரம் காட்ட நாம் தேர்ந்துவைக்கும் தேடல் சொல்) தடை உண்டு; சொந்த நிறுவனப் பெயரும் கூகுள் பட்டியலிட்ட சில நோய்ப்பெயர்கள் போன்றவையும் மட்டும் விலக்கு. குவாலிட்டி ஸ்கோர் (கீவேர்டின் தரத்துக்குக் கூகுள் தரும் மதிப்பெண்) 1 அல்லது 2 உள்ள கீவேர்டுகளை நிறுத்திவைக்க வேண்டும். '3க்குக் கீழே போனால் நிறுத்து' என்று தினமும் ஓடும் தானியங்கி விதி ஒன்றை ஐந்து நிமிடத்தில் எழுதிவிடலாம். குறைந்தது இரண்டு சைட்லிங்க் (விளம்பரத்துக்குக் கீழே வரும் கூடுதல் இணைப்பு) இருக்க வேண்டும், இடம் குறித்த இலக்கு இருக்க வேண்டும், வருடம் ஒருமுறை கூகுள் அனுப்பும் சர்வேக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த சர்வே யாரும் திறக்காத ஒரு மெயிலுக்குப் போய்க் கணக்கு முடங்குவதும் உண்டு. உங்களுக்கு எது நடந்தது என்று முடக்க அறிவிப்பு மெயிலிலேயே எழுதியிருக்கும். ஏஜென்சியிடம் அந்த மெயிலைக் கேட்டு வாங்குங்கள்.

விகிதத்தை உயர்த்த ஒரே நல்ல வழி 'சர்ச் டெர்ம்ஸ்' ரிப்போர்ட்டை வாரம் ஒருமுறை உட்கார்ந்து வாசிப்பது. ஜனங்கள் உண்மையில் என்ன தட்டினார்கள் என்று அது காட்டும். 'ஸ்கிரைப்' என்ற சொல்லுக்கு உங்கள் விளம்பரம் மருத்துவமனைகளில் டாக்டரின் குறிப்பை எழுதும் 'மெடிக்கல் ஸ்கிரைப்' வேலை தேடுபவர்களுக்குப் போகும். 'ஆடியோ புக்' என்றால் நாவல் கேட்க வந்தவர்களுக்கு. 'மெடிக்கல்', 'சம்பளம்', 'வேலை', 'டவுன்லோட்' போன்றவற்றை நெகட்டிவ் கீவேர்டாக (இந்தச் சொல் இருந்தால் விளம்பரத்தைக் காட்டாதே என்று சொல்வது) சேர்த்துக்கொண்டே வாருங்கள். எதிர்த்திசையில், '12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு ஸ்கிரைப் விண்ணப்பம்', 'பார்வையற்றோருக்கு டிஎன்பிஎஸ்சி ஆடியோ பாடம்' போல நீண்ட, தேவை தெளிவாகத் தெரியும் தேடல்களுக்குத் தனித்தனி ஆட் குரூப் வைத்து, அதே சொற்கள் தலைப்பில் வருமாறு விளம்பரம் எழுதுங்கள். தமிழில் தட்டுபவர்கள், ஆங்கிலத்தில் தட்டுபவர்கள், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் என்று மூன்று கூட்டம் இருக்கிறது. மூன்றாவது கூட்டத்தை ஏஜென்சிகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. தமிழில் தேடியவரை ஆங்கிலப் பக்கத்தில் இறக்கிவிட்டால் அவர் அடுத்த வினாடி திரும்பிப் போவார். பார்வையற்ற மாணவர்களே நேராகத் தேடி வருவார்கள் என்பதால் அந்தப் பக்கமும் படிவமும் ஸ்கிரீன் ரீடரில் ஒழுங்காக வாசிக்கப்படுகின்றனவா என்று உங்கள் மாணவர் ஒருவரை வைத்தே சோதியுங்கள். படத்தில் எழுத்தைக் காட்டி 'நான் ரோபோ இல்லை' என்று நிரூபிக்கச் சொல்லும் கேப்சா உங்கள் படிவத்தில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இட அமைப்பில் ஒரு பொறி இருக்கிறது. இந்தியா என்று தேர்ந்தாலும், கூகுளின் வழக்கமான அமைப்பு 'அங்கே இருப்பவர்கள் அல்லது அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்கள்' என்பது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கும் விளம்பரம் போகும். உங்கள் டிரஸ்டுக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லையென்றால் இது வெறும் வீண் கிளிக்கோடு முடியாது. வெளிநாட்டுக் குடிமகன் ஒருவர் 500 ரூபாய் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்ஆர்ஐ தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அப்படி ஆகாது; ஓசிஐ அட்டைக்காரர் (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமகன்) கொடுத்தால் ஆகும். எனவே இட அமைப்பை 'பிரசன்ஸ்' என்று மட்டும் மாற்றுங்கள், கேட்வேயில் வெளிநாட்டு அட்டைகளை அணைத்துவிடுங்கள், படிவத்தில் குடியுரிமை உறுதிமொழிக்கு ஒரு டிக் வையுங்கள். சட்ட நுணுக்கம் உங்கள் ஆடிட்டர் சொல்ல வேண்டியது.

இப்போது என் கணிப்பைச் சொல்கிறேன். இதுவரை சொன்னவை போல இது உறுதியான விதி அல்ல, அனுபவத்தில் வரும் தீர்ப்பு. உங்கள் பெயரையே கேள்விப்படாத ஒருவர் தேடலில் வந்து முதல் கிளிக்கிலேயே பணம் கொடுப்பது அரிது. தேடுபவருக்கு ஒரு தேவை இருக்கிறது: ஸ்கிரைப் வேண்டும், ஒலிப்பாடம் வேண்டும், ஞாயிற்றுக்கிழமையில் உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும். கிரான்ட்டின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது. தேர்வு நாளில் எழுத ஆள் கிடைக்காத மாணவருக்கு ஓர் ஆளைச் சேர்த்துவிடுவது எந்த நன்கொடைக்கும் குறைந்த பயன் இல்லை. ஒரு தேர்வுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வீடு திரும்பும் தன்னார்வலர்தான் ஆறு மாதம் கழித்து மார்ச்சில் கேட்டால் கொடுப்பார். எனவே கிரான்ட்டை மாணவர்களையும் தன்னார்வலர்களையும் சேர்க்க ஓட்டுங்கள். நன்கொடையை அவர்களிடம் மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் கேளுங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் 312இல் தன்னார்வலர் படிவம் 40 இருந்தால்கூட அது நல்ல மாதம்.

வரிவிலக்கைத் தலைப்பில் போடுவது பற்றி ஒரு வார்த்தை. நன்கொடைக்கான 80ஜி வரிக்கழிவு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய முறையில் கிடையாது. சம்பளக்காரர்களில் நிறையப் பேர் புதிய முறைக்குப் போய்விட்ட நிலையில் 'வரி மிச்சம்' என்பதையே முதல் வரியாக வைத்தால் பலரைத் தொடாது. பான் எண்ணையும் பணம் கட்டும் முன் கேட்காதீர்கள். பெயர், செல்போன், மெயில், தொகை நான்கும் முதலில். பணம் வந்தபின், 80ஜி சான்றிதழ் வேண்டுமென்றால் பான் தருமாறு கேளுங்கள். பான் அட்டையைத் தேடி எழுந்து போனவர் எல்லோரும் திரும்பி வருவதில்லை.

மாதத்துக்கு மாதம் எண்களை ஒப்பிட்டுப் பதறாமல் இருப்பதும் முக்கியம். ஒரு மாதம் 9 பேர், அடுத்த மாதம் 16 பேர் என்றால் ஏஜென்சி அதை 78 சதவீத வளர்ச்சி என்று கிராஃப் போடும். எதையுமே மாற்றாமல், தற்செயலாக மட்டுமே இந்த அளவு வித்தியாசம் வரக்கூடும். 9 என்ற எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கும் உண்மையான சராசரி 4 முதல் 17 வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதுதான் புள்ளியியல் சொல்வது. எனவே மூன்று மாதக் கூட்டலைப் பாருங்கள், முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள். பொத்தான் சிவப்பா பச்சையா என்று ஏ-பி டெஸ்ட் (இரண்டு வடிவங்களை வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டி ஒப்பிடுவது) செய்யலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்: 100 பேரில் 2 பேர் கொடுப்பது 3 பேராக உயர்ந்ததா என்று நம்பிக்கையோடு சொல்ல ஒவ்வொரு பக்கத்துக்கும் 3,800 பேர் அளவில் வர வேண்டும். அதற்குப் பதில் ஒரு விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனை எடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு, விளம்பரத்தின் முகவரியைத் திறந்து 10 ரூபாய் கொடுத்துப் பாருங்கள். எங்கே காத்திருந்தீர்கள், எங்கே கீபோர்டு பெட்டியை மறைத்தது, ரசீது எவ்வளவு நேரத்தில் வந்தது என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலைச் சரிசெய்வதில் கிடைப்பது எந்த டெஸ்டிலும் கிடைக்காது.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவுக்கு இப்போது போக வேண்டாம் என்பது என் பதில். அங்கே ஒவ்வொரு ரூபாயும் உங்கள் சொந்தப் பணம். அதன் கற்றல் கட்டம் முடிய ஓர் ஆட் செட்டுக்கு வாரத்துக்குச் சுமார் 50 கன்வெர்ஷன் வேண்டும்; மாதத்துக்கு 9 வைத்துக்கொண்டு அது எதையும் கற்காது. எண்ணும் முறையும் வேறு: வழக்கமான அமைப்பில், விளம்பரத்தைத் தொட்டு 7 நாளுக்குள் கொடுத்தவரோடு, தொடாமல் பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் கொடுத்தவரும் மெட்டாவின் கணக்கில் சேர்வார். அதே நன்கொடையைக் கூகுளும் தன்னுடையது என்று சொல்லும். இரண்டையும் கூட்டினால் வங்கியில் இருப்பதைவிடப் பெரிய தொகை வரும். பின்னால் எப்போதாவது போனால், மாணவர் உதவிப் படிவம் இருக்கும் பக்கத்தில் மெட்டா பிக்சலை (மெட்டாவின் கண்காணிப்பு டேக்) போடவே கூடாது. ஒரு மாணவருக்குப் பார்வைக் குறைபாடு இருக்கிறது என்ற செய்தி விளம்பர நிறுவனத்துக்குப் போக வேண்டிய செய்தி இல்லை. இதே அக்கறையோடு இன்னொன்றையும் இப்போதே பாருங்கள்: படிவம் அனுப்பியபின் வரும் நன்றிப் பக்கத்தின் முகவரியில் பெயரோ செல்போன் எண்ணோ தெரிகிறதா? தெரிந்தால் அது அப்படியே ஜிஏ4க்குப் போய்க்கொண்டிருக்கிறது. தனிநபர் விவரத்தை அனலிட்டிக்ஸுக்கு அனுப்பக்கூடாது என்பது கூகுளின் விதியும்கூட.

ஏஜென்சி விஷயத்தில் கணக்கு எளிது. 7 மாதத்தில் கட்டணம் 1,05,000 ரூபாய். மாதம் 9 பேர், சராசரி 1,200 என்றால் 7 மாத ஆன்லைன் நன்கொடை 75,600. ஒவ்வொரு ரூபாயும் விளம்பரத்தால் வந்தது என்று தாராளமாக வைத்தாலும் கட்டணத்தை அது ஈடுகட்டவில்லை. ஆனாலும் உடனே நிறுத்தச் சொல்லமாட்டேன். தன்னார்வலர், மாணவர் படிவங்கள் எத்தனை வந்தன என்று தெரியாமல் எடுக்கும் முடிவு பாதி முடிவு. முதலில் கூகுள் ஆட்ஸ், ஜிஏ4, டேக் மேனேஜர் (தளத்து டேக்குகளை ஓரிடத்தில் நிர்வகிக்கும் கருவி) மூன்றிலும் டிரஸ்டின் சொந்த மெயிலுக்கு அட்மின் உரிமை வாங்குங்கள். மூன்றும் ஏஜென்சியின் பெயரில் இருந்தால் அவர்களை விட்டு விலகும் நாளில் 7 மாதத் தரவும் அவர்களோடு போய்விடும். பிறகு மூன்று பொருளைக் கேளுங்கள்: செயல்வாரியாகப் பிரித்த கன்வெர்ஷன் பட்டியல், கடைசி 90 நாளின் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட், அதே காலத்தின் 'சேஞ்ச் ஹிஸ்டரி'. கடைசியாகச் சொன்னது, கணக்கில் யார் எந்த நாளில் எதை மாற்றினார்கள் என்று காட்டும். அதில் மாதம் இரண்டே வரி இருந்தால் 15,000 ரூபாய் எதற்குப் போகிறது என்று தெரிந்துவிடும். அப்படியானால் அந்த வேலையை உங்கள் அலுவலகத்தில் எக்செல் தெரிந்த ஒருவர் வாரம் மூன்று மணி நேரம் ஒதுக்கிச் செய்துவிடலாம். மாறாக வாராவாரம் நெகட்டிவ் சேர்த்து, விளம்பரம் மாற்றி எழுதி வேலை செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், கன்வெர்ஷன் அமைப்பை மட்டும் மேலே சொன்னபடி மாற்றித் தரச் சொல்லி இன்னும் மூன்று மாதம் பாருங்கள். கட்டணத்தைக் கிரான்ட் செலவின் சதவீதமாக மாற்றலாம் என்று சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளைக்கே 'கல்வி' என்ற ஒற்றைச் சொல்லின் நீட்டல்கள் கணக்குக்குள் வந்து உட்கார்ந்து, கிளிக் விகிதம் மறுபடி 5க்குக் கீழே போகும்.